எறோலின் காயம்

மெல்பேர்ண்
18.01.2024

அமண்டா அக்காவுக்கு,

தபால்காரர் கடிதம் என்று நீட்டியதும் யார் செத்தது என்று பயந்திருப்பாய். ஒருவரும் சாகவில்லை. பப்பா போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அவர் போனைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்ததால், பதினொரு வயதில் இங்கே வந்ததிலிருந்து மாதம் ஒன்று எழுதிப் பழகிய கை. ஆறு வருசம் சும்மா கிடந்ததில் எழுத்து கோட்டை விட்டு ஓடுகிறது. உன்னைப் போன்ற தட்டெழுத்துக்காரிக்கு இதைப் பார்க்க எரிச்சல்தான் வரும். பொறுத்துக்கொள்.

வட்ஸ்அப்பில் எழுதாததற்கு இரண்டு காரணம். போன் திரையைப் பார்க்கக்கூடாது என்று டொக்டர்மார் தடை போட்டிருக்கிறார்கள். பத்து நிமிசம் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பது போல இருக்கிறது. மற்றது, நான் கேட்கப்போகும் விசயம் போனில் கிடக்கக்கூடாது. வாசித்ததும் கிழித்துவிடு.

எங்கள் அவுஸ்திரேலிய ஃபுட்போலை நீ ஒழுங்காகப் பார்த்ததில்லை. முட்டை மாதிரி ஒரு பந்து. நடுவர் அதை நிலத்தில் ஓங்கி அடித்து மேலே எழுப்புவார். எங்கள் நெட்டையன் ஒருவன் பாய்ந்து தட்டிவிடுவான். அது விழும் இடத்துக்கு நான் ஓடவேண்டும். எதிர்ப்பக்கத்து ஆட்களும் அங்கேதான் ஓடி வருவார்கள். நடுக்கள ஆட்டக்காரனின் பிழைப்பே அதுதான். போன ஓகஸ்டில் அப்படிக் குனிந்து எடுக்கும்போது ஒருவனின் இடுப்பு என் காதோரம் பட்டது. பிறகு நடந்தது ஒன்றும் எனக்குத் தெரியாது. இத்தோடு ஐந்து தரம்.

இப்போது தலையைப் படம் பிடித்துப் பார்த்ததில் இடப்பக்கம் ஒரு வடு இருக்கிறதாம். கழகத்துக்கு வெளியே மூன்று டொக்டர்மார் கொண்ட குழு ஒன்று தீர்ப்புச் சொல்லும். ஆட்டத்தில் வந்த புது வடு என்றால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சின்ன வயதில் வந்தது என்றால், அதோடுதானே பத்து வருசம் ஆடினான் என்று விட்டுவிடுவார்கள். சிறுவயதில் தலையில் அடிபட்டதா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். சுனாமி அன்று டச்பாரில் எங்கள் வீட்டுக் கூரை வளை முறிந்து என் தலையில் விழுந்தது, மூன்று நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று சொன்னேன்.

இந்த இடத்தில் நீ கடதாசியைக் கசக்குவாய். கசக்கிவிட்டுத் திரும்ப விரித்து வாசி.

அந்த நேரத்துக் கடதாசிகள் எல்லாம் அலையோடு போயிருக்கும் என்று அவர்களுக்கே தெரியும். குடும்பத்தில் ஒருவர் சத்தியக்கடதாசி கொடுத்தால் போதுமாம். நான் நூற்று நாற்பத்தேழு மட்ச் ஆடிவிட்டேன். நூற்றைம்பது ஆடியவனின் பெயரைக் கழகத்துச் சுவரில் பொறிப்பார்கள். ஷேன் பிரடெரிக் என்று பப்பாவின் பெயரும் சேர்ந்துதான் ஏறும். மூன்றே மூன்று மட்ச் அக்கா. அதற்குப் பிறகு நீ சொன்னபடி கேட்பேன்.

உன் தம்பி,
ஷேன்


புளியந்தீவு, மட்டக்களப்பு
09.02.2024

ஷேன்,

கசக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நீ கேட்டதை நான் செய்யமாட்டேன்.

ஐந்து அடியில் உனக்கு எல்லாம் மறந்துபோயிருந்தால் நான் சொல்கிறேன், கேள். அலை வந்த காலை நீ டச்பாரில் இல்லை. அதற்கு முதல் நாள், நத்தார் அன்று பின்னேரமே பப்பாவோடு சைக்கிளில் தன்னாமுனைக்கு, உன் ஞானத்தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாய். வீட்டில் நின்றது மம்மா, நான், எங்கள் சின்னத் தம்பி எறோல். கடல் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது வளை முறிந்து விழுந்தது எறோலின் தலையில். அவனுக்கு ஐந்து வயது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலம் வரைக்கும் இந்தக் காலால்தான் நடந்தேன். வழி முழுக்க என் கழுத்துக்குள் மூச்சு விட்டான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கண்ணைத் திறக்காமலே போனான். மம்மாவைக் கண்டெடுத்தது அடுத்த நாள்.

நீ சொன்ன மூன்று நாள் அவனுடைய மூன்று நாள். அவனுக்கென்று இந்த உலகத்தில் படம் ஒன்று இல்லை, போட்ட உடுப்பு இல்லை. அந்தக் காயம் ஒன்றுதான் மிச்சம். அதையும் நீ எடுக்கப் பார்க்கிறாய்.

இன்னொன்று. சுனாமி நடந்து இரண்டு மாதத்தில் சமாதான நீதவான் முகைதீன்பாவா காக்காவின் கந்தோரில் தட்டெழுதச் சேர்ந்தவள் நான். செத்தவர், காணாமல் போனவர், வீடு போனவர், அடையாள அட்டை போனவர் என்று ஊரில் பாதிப்பேரின் சத்தியக்கடதாசி என் விரலால் போனது. அதில் மற்றச் சமயத்தவர்கள் உறுதி கூறினால் போதும். நாங்கள் கிறிஸ்தவர்கள், பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ணவேண்டும். செத்த பிள்ளையின் காயத்தை உயிரோடு இருப்பவனுக்கு மாற்றிவிட்டு நான் எந்த முகத்தோடு பூசைக்குப் போவது?

ஆட்டத்தை விட்டுவிடு. இருபத்தெட்டு வயதில் ஆயிரம் வேலை செய்யலாம். பெயர் சுவரில் ஏறாவிட்டால் பப்பா ஒன்றும் குறைந்துபோகமாட்டார். அவர் இங்கே செய்த கதவுகள் எத்தனை இன்னும் நிற்கின்றன, ஒன்றிலாவது பெயர் வெட்டினாரா?

அமண்டா


மெல்பேர்ண்
28.02.2024

அக்கா,

நீ எழுதிய ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் நான் எவ்வளவு நிம்மதியாக இருப்பேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று பப்பா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தார். எறோல் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சைக்கிள் கரியரில் ஏறி இருந்துவிட்டான். நான்தான், அது என் ஞானத்தகப்பன், இவன் வரக்கூடாது என்று கத்தி அவனை இழுத்து இறக்கினேன். அவன் ஒழுங்கை முனை வரைக்கும் அழுதுகொண்டு ஓடி வந்தான். நான் திரும்பிப் பார்த்து நாக்கை நீட்டினேன்.

பந்து மேலே எழும்பி விழ இரண்டு விநாடி எடுக்கும். அந்த இரண்டு விநாடி மட்டும்தான் எனக்கு அந்தக் கரியர் ஞாபகம் வராது. ஒரு மட்சில் முப்பது தரம் அப்படிக் கிடைக்கும். இங்கே பேப்பர்காரர் என்னைப் பயமறியாதவன் என்று எழுதுகிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? வேறு வேலை ஆயிரம் இருக்கலாம், எந்த வேலையில் அந்த இரண்டு விநாடி கிடைக்கும் என்று சொல்.

சத்தியத்தைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வராதே. வெளிநாடு போகும் பெண்களுக்கு வயதை இரண்டு கூட்டித் தட்டிக் கொடுத்தேன், பாவம் என்ன செய்கிறது என்று போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னது யார்? ஊராருக்குச் செய்யலாம், தம்பிக்குச் செய்ய மட்டும் பைபிள் குறுக்கே வருகிறதா?

சார்மெயின் அன்ரி நல்லவ. அவ இல்லாவிட்டால் நான் இங்கே ஆளாகியிருக்கமாட்டேன். ஆனால் பதினொரு வயதில் என்னை அவவோடு பிளேனில் ஏற்றிவிட்டாய் நீ. எத்தனை நாள் இரவில் நீ வந்து கூட்டிப்போவாய் என்று பார்த்தேன். ஒரு தரமும் வரவில்லை. இந்தப் பதினேழு வருசத்தில் உன்னிடம் நான் கேட்டது இது ஒன்றுதான்.

ஷேன்


புளியந்தீவு
20.03.2024

ஷேன்,

நீ கேட்டது இதோடு இருக்கிறது. மூன்று பிரதி, மூன்றிலும் காக்காவின் ஜே.பி. முத்திரை. ஆங்கில மொழிபெயர்ப்பைப் பின்னால் இணைத்திருக்கிறேன்.

நாலு தரம் தட்டினேன். இத்தனை வருசத்தில் ஒரு கடதாசியை இரண்டாம் தரம் தட்டாதவள் நான்.

முகைதீன்பாவா காக்கா வழக்கமாக வாசிப்பதில்லை. முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். இதைக் கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார்.

"புள்ள, இது உங்கட சின்னத் தம்பிட கததானே?" என்றார்.

"இல்ல காக்கா. பெரியவண்ட."

"எனக்கு நல்ல ஞாபகம் இரிக்கி. அந்தப் புள்ளட மையத்த எடுக்க லான்ட்மாஸ்டர் வண்டி புடிச்சித் தந்தவன் நான்."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "சத்தியம் பண்ணுற நீங்க. கையெழுத்துப் போட்ட ஆள் நீங்கதான் எண்டதுக்கு மட்டுந்தான் நான் சாட்சி" என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார். அன்று முழுக்க என்னோடு வேறு கதை கதைக்கவில்லை.

கரியர் விசயம் எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். பப்பா சாவதற்கு முதல் வாரம் சொன்னார். அவரும் அதை நெஞ்சுக்குள்ளேதான் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். நீ ஒன்பது வயதுப் பிள்ளை. உன்னில் நான் ஒருநாளும் குறை நினைக்கவில்லை. பப்பாவைத் தனியே விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை, அதனால்தான் உன்னை மட்டும் அனுப்பினேன். நான் வருவேன் என்று நீ பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அதை வாசித்த பிறகுதான் இந்தக் கடதாசியைத் தட்ட உட்கார்ந்தேன்.

மூன்று மட்ச். நூற்றைம்பதாவது முடிந்த அன்றே நிறுத்தவேண்டும். நீ நிறுத்தாவிட்டால் நான் பண்ணிய பாவத்துக்கு ஒரு கணக்கும் இல்லாமல் போய்விடும்.

அமண்டா


மெல்பேர்ண்
29.04.2024

என் தங்கமான அக்கா,

விட்டுவிட்டார்கள்! குழுவில் ஒரு பெண் டொக்டர் உன் கடதாசியை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாராம். நீ அந்த அலையையும் இடித்த சுவரையும் அப்படி எழுதியிருக்கிறாய். பின்னே, கண்ணால் கண்டவள்தானே.

சனிக்கிழமை நூற்று நாற்பத்தெட்டாவது. முதல் காற்பகுதி மழை. பந்து சோப்புக்கட்டி போல வழுக்கியது. எங்கள் நெட்டையன் தட்டிவிட்டதை நான் ஏழு தரம் பிடித்துக் கொடுத்தேன், அதில் மூன்று கோல். பதினான்கு கிலோமீற்றர் ஓடினேன் என்று முதுகில் கட்டியிருக்கும் கருவி சொல்லுது. டச்பாரிலிருந்து ஏறாவூருக்கு ஓடியது மாதிரி. தலையிடி இல்லை. கொஞ்சம் இருந்தது, குளிசை போட்டேன், போய்விட்டது.

திரைத் தடை முடிந்துவிட்டது, போனில் கதைக்கலாம். ஆனால் உனக்கு எழுதுவது பப்பாவுக்கு எழுதுவது போல இருக்கிறது. எழுதிக்கொண்டே இருக்கிறேன், நீயும் எழுது.

நிறுத்துவேன். சத்தியம்.

ஷேன்


புளியந்தீவு
27.05.2024

அன்புள்ள ஷேன்,

உன் நூற்றைம்பதாவதைப் பார்த்தேன். எங்கள் கந்தோருக்குக் கீழே ஸாஹிர் என்ற பெடியன் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அவன் எங்கேயோ தேடிப் பிடித்துப் பெரிய திரையில் போட்டுவிட்டான். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவருக்கும் ஆட்டம் விளங்கவில்லை. "அக்கா, இது ஃபுட்போலா, சண்டையா?" என்று ஸாஹிர் கேட்டான். ஆனால் நீ பந்தோடு ஓடும்போது எல்லாரும் கத்தினார்கள். முகைதீன்பாவா காக்காவும் படியில் நின்று பார்த்தார்.

உன் பெயர் எழுதிய அந்தப் பெரிய கடதாசித் திரையைக் கிழித்துக்கொண்டு நீ வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்தது. முடிந்ததும் இரண்டு பேர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். உன் முகத்தைக் கிட்டக் காட்டினார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள், நீ மட்டும் எங்கே போகிறார்கள் என்று தெரியாத ஆள் மாதிரி முழித்துக்கொண்டு இருந்தாய். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுது. போனில் கேட்டால் நீ சிரித்துச் சமாளிப்பாய். எழுதி அனுப்பு.

அக்கா


மெல்பேர்ண்
30.06.2024

அக்கா,

உன் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறேன்.

நிறுத்துவதைப் பற்றி. எங்கள் நடுக்களத்தில் இரண்டு பேருக்கு முழங்கால் போய்விட்டது. இந்த நேரத்தில் விட்டுப்போனால் ஆம்பிளையா என்று கேட்பார்கள். சீசன் முடியட்டும். செப்டெம்பரில் நிச்சயம். இப்போது நூற்று ஐம்பத்து நாலு.

சனிக்கிழமை ஒரு பகிடி. இரண்டாம் காற்பகுதி தொடங்கும்போது எங்கள் கோல் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிசம் குழம்பிவிட்டேன். மற்றவன் ஓடும் பக்கம் நானும் ஓடினேன், ஒருவருக்கும் தெரியாது. பந்தைக் கண்டால் கால் தானாக ஓடும். அதற்குத் தலை தேவையில்லை.

மணிக்கட்டில் சின்ன பிளாஸ்ரர் ஒட்டி அதில் ஆட்களின் பெயரை எழுதிக்கொண்டு இறங்குகிறேன். பெயர் சட்டென்று வராத நேரம் உதவும். கழகத்தில் கேட்டால் அதிர்ஷ்டத்துக்கு என்று சொல்கிறேன்.

நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. உன் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறேன். எங்கள் நடுக்களத்தில் இரண்டு பேருக்கு முழங்கால் போய்விட்டது, அதனால்தான் சீசன் முடியும்வரை நிற்கிறேன்.

ஷேன்


புளியந்தீவு
12.08.2024

ஷேன்,

நீ இதை எப்போது வாசிப்பாய் என்று தெரியாது. சார்மெயின் அன்ரி ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் எடுக்கிறா. நேற்று நீ கண் விழித்து, இது எந்த மட்ச் என்று கேட்டாயாம்.

ஸாஹிரிடம் நீ அடிபட்டு விழுந்த அந்த வீடியோத் துண்டைக் காட்டச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றான். நான் விடவில்லை. நடுவர் பந்தை அடித்தார், அது மேலே போனது, எல்லாரும் ஓடினார்கள். நீ ஓடவில்லை. நடுவில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாய். ஐந்து வயதுப் பிள்ளை பட்டம் பார்ப்பது போல. இரண்டு பக்கத்தாலும் வந்தவர்கள் உன்னைக் காணவே இல்லை. ஸாஹிர் போனைத் தன் பக்கம் திருப்பி, "போதும் அக்கா, பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டான்.

ஜூன் கடிதத்திலேயே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். ஒரே வரியை இரண்டு தரம் எழுதியிருந்தாய். எழுத்துப் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், என் தம்பியின் கடிதத்தில் அதைக் கண்டும் பேசாமல் மடித்து வைத்தேன். அன்றே உன் கழகத்துக்குப் போன் எடுத்து, அந்தச் சத்தியக்கடதாசி பொய் என்று சொல்லியிருக்கலாம். நீ என்னை வெறுப்பாய் என்று பயந்தேன். பதினேழு வருசத்துக்குப் பிறகு மாதம் ஒரு கடிதம் வருகிறது, அது நின்றுவிடும் என்று பயந்தேன். அதுதான் உண்மை.

உன்னை ஓடவிட்டது என் கையெழுத்து. கெதியாகச் சுகப்படு. வேறொன்றும் கேட்கமாட்டேன்.

அக்கா


புளியந்தீவு
04.12.2024

அன்புள்ள ஷேன்,

இப்போது நீ அன்ரி வீட்டில் இருக்கிறாய், மெல்ல மெல்ல எழுதவும் தொடங்கிவிட்டாய் என்று அன்ரி சொன்னா. அதனால் இதை எழுதுகிறேன். நிதானமாக வாசி. ஒரே நாளில் வாசிக்கத் தேவையில்லை.

ஆட்டத்தால் தலை பாதிக்கப்பட்டவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. நடக்க, பேச, ஞாபகப்படுத்தத் திரும்பப் பழக்குவார்கள். உன்னை அதில் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உன் தலைக்கு வந்தது ஆட்டத்தால் வரவில்லை, சுனாமியால் வந்தது, உன் சொந்த அக்காவே சத்தியம் பண்ணியிருக்கிறா என்று என் கடதாசியையே எடுத்துக் காட்டினார்களாம். அன்ரிக்கு எழுபத்திரண்டு வயது. அவவால் எத்தனை நாளைக்கு உன்னைப் பிடித்துக் குளிக்கவார்க்க முடியும்?

நான் இரண்டாவது சத்தியக்கடதாசி ஒன்று தட்டினேன். முதலாவது பொய், வளை விழுந்தது எறோலின் தலையில், ஷேன் அன்று தன்னாமுனையில் நின்றான் என்று. முகைதீன்பாவா காக்கா, "மகள், இதக் குடுத்தா மொதல்ல பண்ணின பொய்ச் சத்தியத்துக்கு உங்கள மறியல் வீட்டுக்கும் அனுப்பலாம். விளங்குதா?" என்று கேட்டார். விளங்குது காக்கா, குத்துங்க என்றேன். குத்தினார்.

அதை அனுப்பியதற்கு அங்கேயிருந்து பதில் வந்துவிட்டது. ஒரே ஆள் இரண்டு விதமாகச் சத்தியம் பண்ணினால் எதை நம்புவது என்று கேட்கிறார்கள். அதுவும் நியாயம்தான். ஆட்டக்காரனே தன் வாயால், பொய் சொல்லச் சொன்னது நான்தான் என்று எழுதி ஒப்பமிட்டால், திரும்பப் பார்ப்பார்களாம்.

அந்தக் கடதாசியைத் தட்டி இதோடு வைத்திருக்கிறேன். கீழே பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வை. அவ்வளவுதான். மறியலைப் பற்றி யோசிக்காதே, நான் எங்கேயும் இருந்து தட்டெழுதலாம்.

அக்கா


மெல்பேர்ண்
16.01.2025

அக்கா,

இந்தக் கடிதம் எழுத நாலு நாள் எடுத்தது. அன்ரி தேத்தண்ணி போட்டுத் தந்தா. எழுத்து கோட்டில் நிற்குதில்லை.

நீ அனுப்பியதை வாசித்தேன். கையெழுத்து வைக்கமாட்டேன். நீ ஏன் பொய் எழுதுகிறாய்? யாரும் உன்னை வெருட்டினார்களா? எனக்கு எல்லாம் நல்ல ஞாபகம் இருக்கிறது. நான் டச்பாரில்தான் நின்றேன். தண்ணி சுவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. வளை முறிந்து என் தலையில் விழுந்தது. நீ என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். என் வாய் உன் கழுத்தில் இருந்தது. பாலம் தெரிந்தது. அதை எப்படி மறப்பேன்? கழகத்தில் மட்சில் நடந்ததுகூட எனக்கு ஞாபகம் இல்லை, இது ஞாபகம் இருக்கிறது. டொக்டரிடமும் இதைத்தான் சொன்னேன். நல்ல தெளிவாகச் சொல்கிறாய் என்றார்.

தன்னாமுனையில் நின்றது எறோல். பப்பா அவனைத்தான் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். அதுதான் அவன் தப்பினான். அவன் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சின்னப் பிள்ளை. எனக்கு அடிபட்டது பரவாயில்லை.

ஒன்று கேட்கவேண்டும். எறோல் ஏன் எனக்கு எழுதுகிறான் இல்லை? போனும் இல்லை. அன்ரியிடம் கேட்டால் எழும்பி அறைக்குள் போகிறா. என்னில் அவனுக்குக் கோபமா? நான் அவனுக்கு ஏதோ செய்திருக்கிறேன். என்ன என்று எவ்வளவு யோசித்தும் வருகுதில்லை. ஆனால் செய்திருக்கிறேன் என்று தெரியும். நெஞ்சுக்குள் கல் மாதிரி இருக்கிறது, இரவில் நித்திரை இல்லை. நீ அவனிடம் கேட்டு எழுது.

ஷேன்


புளியந்தீவு
19.02.2025

என் அன்புத் தம்பி,

பதில் சுணங்கிவிட்டது. இரண்டு மூன்று தரம் எழுதிக் கிழித்தேன், ஒன்றும் சரிவரவில்லை.

நீ எழுதியதுதான் சரி. வளை உன் தலையில்தான் விழுந்தது. உன்னைத்தான் நான் தூக்கிக்கொண்டு பாலம் வரைக்கும் நடந்தேன். நீ பாரமாகவே இருக்கவில்லை. டிசெம்பரில் நான் அனுப்பியது கந்தோரில் ஆள் மாறித் தட்டிய பிழை. அதைக் கிழித்துவிடச் சொல்லி அன்ரியிடம் சொல்லியிருக்கிறேன். இனி அந்த ஏற்பாட்டைப் பற்றி உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டேன் என்று டொக்டர்மாருக்கும் எழுதிப்போட்டேன். யாராவது உன்னிடம் கேட்டால், உனக்கு ஞாபகம் இருப்பதையே சொல்.

விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன். கிடைத்தால் வந்து உன்னோடேயே நிற்பேன். இந்தமுறை கட்டாயம் வருவேன், நீ பார்த்துக்கொண்டிருக்கலாம். அதுவரை அன்ரியைக் கஷ்டப்படுத்தாதே. தனியே ரோட்டில் இறங்காதே. குளிசையை நேரத்துக்குப் போடு.

எறோல் நல்ல சுகம். இருபத்தைந்து வயதாகிவிட்டது, பப்பாவைப் போலவே மெலிந்த ஆள். எழுதத்தான் பஞ்சி, சரியான சோம்பேறி. நீ கேட்டதைச் சொன்னேன். நீ அவனுக்கு ஒன்றும் செய்யவில்லையாம். உன்னில் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை.

அக்கா